மெத்தை வீட்டுக் கொல்லைக் கதவு

ஹேமாவதி அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் காரியம் அன்றோடு முடிந்திருக்கும். பொன்னேரியில் வீட்டுக் கடனுக்காக வங்கிக்குப் பத்திரம் பார்த்துச் சொல்கிற வக்கீல் காயத்ரி, பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கடைசிக்கு வந்துவிட்டாள். சின்ன வயசுதான், ஆனால் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வையில் ஒரு கறார். “வீட்டைக் கட்டின ரங்கசாமிக்கு வாரிசு, மனைவி முத்தம்மாள், ரெண்டு பசங்க. பொண்ணு யாரும் இல்லதானே?” என்று பேனா மூடியைத் திறந்துகொண்டே கேட்டாள். அது கேள்விகூட இல்லை. தலையை ஆட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

ஹேமாவதி தலையை ஆட்டவில்லை. “ஒரு பொண்ணு இருந்தாங்க மேடம். கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே செத்துட்டாங்க. எங்க ஊட்ல பூவாடைக்காரியா கீறாங்க. ரொம்பத் துடியான சாமி” என்றாள். பெருமையாக வேறு சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மணிகண்டன் அவள் காலை மிதித்தான். அதற்குள் பேனா மூடி திரும்பவும் மாட்டப்பட்டுவிட்டது.

“அப்போ டெத் சர்டிபிகேட் வேணும்.”

“சாமிக்கா மேடம்?”

“சாமிக்கு இல்லம்மா, ரங்கசாமி பொண்ணுக்கு. அப்பாவுக்கு முன்னாடியே அவங்க இறந்துட்டாங்கன்னு காட்டணும். இல்லன்னா அவங்களுக்கும் வீட்ல பங்கு உண்டு. அவங்க கையெழுத்து இல்லாம வித்தது தகராறு. பேங்க்ல கடன் தர மாட்டாங்க.”

வெளியே வந்து வண்டியை எடுத்ததும் மணிகண்டன் ஆரம்பித்தான். “உன்ன யாரு சாமி கதையெல்லாம் கேட்டாங்க? பூவாடைக்காரியே வந்து கையெழுத்துப் போடுவாளா இப்போ?” ஹேமாவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாகக் குடியிருக்கிற வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்துப் பார்த்து, சொந்தமாக ஒரு வாசல் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது இந்த ஒரு வீட்டைத்தான். வீட்டுக்காரர் சந்திரமோகன் மகனோடு போய் இருக்கப் போகிறார். “நீங்க வாங்கினா சந்தோஷம். ஆவணி பொறந்ததும் பத்திரம் வெச்சிக்கலாம். இல்லன்னா கான்ட்ராக்டர் ஒருத்தர் கேட்டுக்கினே கீறாரு” என்று சொல்லிவிட்டார். கான்ட்ராக்டர் வாங்கினால் வீட்டை இடித்துவிட்டு, வடக்கே இருந்து வருகிற கம்பெனி ஆட்கள் தங்க ஷீட் கொட்டகை போடுவான். ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில் அந்த வீட்டுக்கு மெத்தை வீடு என்றுதான் பேர். தெருவே கூரையும் ஓடுமாக இருந்த காலத்தில், நெல் விற்ற காசில் ரங்கசாமி தளம் போட்டுக் கட்டிய முதல் வீடு. இப்போது இரண்டு பக்கமும் மூன்று மாடி எழும்பி, நடுவில் அது குள்ளமாக நிற்கிறது. ரங்கசாமி போன பிறகு பிள்ளைகள் அதை ஸ்டீவன் வாத்தியாருக்கு விற்றார்கள். சாவி கொடுக்கிற அன்றைக்கு முத்தம்மாள், வாத்தியார் மனைவியைக் கூடத்து மூலைக்குக் கூட்டிப்போய் ஒரு மாடக்குழியைக் காட்டி இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டாளாம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் இங்கே ஒரு விளக்கு வைக்க வேண்டும். விளக்கு வைத்தால் மறுநாள் விடிகிற வரைக்கும் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது, ஏனென்றால் அவள் வருவாள். கல்யாணம் காணாமல் செத்த பெண்ணுக்குப் பூவும் புதுத்துணியும் வைத்து வீட்டிலேயே கும்பிடுவது இந்தப் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் வாத்தியார் வேதக்காரர். என்ன செய்வார் பாவம், அகலுக்குப் பதிலாக மெழுகுவர்த்தி ஏற்றினார். ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கதவு வழியாகத் திருடன் புகுந்து அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மனுஷன் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் ஒரு நாயை வாங்கிக் கட்டினார்.

வாத்தியாரிடமிருந்து கல்பனா என்கிற நர்ஸம்மா வாங்கினாள். ராத்திரி டியூட்டி வந்தால் அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லி விளக்கேற்ற வைப்பாள். அவளிடமிருந்து சந்திரமோகன். சூப்பர்வைசராக இருந்தவர், வீட்டையே புரட்டிப் போட்டார். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ், முன்பக்கம் கிரில், எல்லா அறைக்கும் புதுக் கதவு. டைல்ஸ் ஒட்ட வந்தவன் மாடக்குழியைச் சுற்றி அளந்து அளந்து வெட்டி ஒட்டினான். கொல்லைக் கதவு மட்டும் ரங்கசாமி போட்ட வேப்பமரக் கதவாகவே நின்றது. வாங்கியவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லை, சாதியும் ஒன்றில்லை. ஆனாலும் சாவி கைமாறும்போதெல்லாம் அந்த இரண்டு பேச்சும் கூடவே கைமாறின. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சாமி விஷயத்தில் எதற்கு வம்பு?

ஹேமாவதிக்கு வெறும் விளக்கோடு போகாது. வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்து குளித்து, விளக்கை வைத்துவிட்டு, மாடக்குழிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையை ஒப்பிப்பாள். லைனில் எல்லோர் முன்னாலும் இன்சார்ஜ் திட்டியது, மணிகண்டன் குடித்துவிட்டு வந்து வாசலிலேயே படுத்தது, எல்லாம். மகள் ஸ்நேகாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்துவிட்டால் பட்டுப்பாவாடை வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிழைத்துக்கொண்டது. பச்சைக் கரை போட்ட மஞ்சள் பாவாடை இன்றைக்கும் மாடக்குழியில் கண்ணாடி வளையலோடு மடித்து இருக்கிறது. தன் கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லாததை அவள் அந்தச் சுவரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே சர்டிபிகேட் தேடி மீஞ்சூருக்குப் போகும்போது அவளுக்குப் பயமில்லை, பூவாடைக்காரியே வழிகாட்டுவாள் என்ற தைரியம்தான். ரங்கசாமியின் பிள்ளைகளில் மூத்தவர் இப்போது இல்லை. இளையவர் முனுசாமி, அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டிய மனுஷன். மெத்தை வீட்டிலிருந்து வந்திருக்கிறாள் என்றதும் டீ போடச் சொன்னார். தங்கச்சி பேச்சை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

“புவனேஸ்வரியா? அது செத்து நாப்பது வருசம் ஆவுதும்மா. ஆர்.கே.பேட்டைல எங்க அத்த ஊட்டுக்குப் போயிருந்துச்சி. மஞ்சக்காமால.”

“எந்த ஆஸ்பத்திரிணா?”

“ஆஸ்பத்திரி எங்க? நாட்டு மருந்துதான்.”

“எந்த மாசம்னு சொன்னீங்கன்னா அங்க போயி எழுதி வெச்சிகிறாங்களான்னு பாப்பேன்.”

“அந்தக் காலத்துல யாரு எழுதினாங்க? வுடும்மா, பேஜாரு பண்ணாத.”

இதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது என்று தெரிந்தது. ஹேமாவதி எழுந்தாள். வந்ததற்கு நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். “நாங்க ஒண்ணும் கொற வெக்கலணா. வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு வெக்கிறோம். கொல்லக் கதவுக்குத் தாப்பாகூடப் போடறதில்ல.”

முனுசாமி வாய்க்குக் கொண்டுபோன டீ தம்ளர் பாதியிலேயே நின்றது. “இன்னுமா?” என்றார்.

“ஆமாணா.”

“வாத்தியாருக்கு அப்பால யாரு யாரோ வாங்கினாங்களே. எல்லாருமா?”

“எல்லாருந்தாணா.”

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி என்ன ஏது என்று புரியாமல் ஹேமாவதியை முறைத்துவிட்டுப் போனாள். பிறகு அவர் துண்டை எடுத்தார்.

“அது சாகலம்மா. பழவேற்காட்டுல இருந்து கருவாடு கொண்டாந்து, அதுக்கு நெல்லு வாங்கினு போவாங்க ஒரு குடும்பம். அவங்க புள்ள பரசுராமன்கூட ஒரு வெள்ளிக்கெழம கொல்லக் கதவத் தொறந்துகினு பூட்ச்சி. அது செத்துப் பூட்ச்சின்னு நைனா ஊருக்குச் சொல்லிட்டாரு. எங்களயும் ஆர்.கே.பேட்டைக்கு இட்டுனு போயி, திரும்பி வந்து கருமாதி பண்ணாரு. ஊரு நம்பணும் இல்ல, மாடத்துல வெளக்கும் வெக்கச் சொன்னாரு. அம்மா மூச்சு காட்டல. சொன்னத செஞ்சாங்க. கதவு மட்டும் அவங்களா சேத்துக்கினது. பூவாடக்காரி வர வழி, தாப்பா போட்டா சாமிக் குத்தம்னாங்க. நைனாவே பயந்துட்டாரு.”

எழுந்த ஹேமாவதி திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள்.

“இங்க வந்து படுத்த படுக்கையா ஆனப்பறமும் வெள்ளிக்கெழமன்னா கேப்பாங்க. டேய் முனுசாமி, வாத்தியாரு கதவத் தொறந்து வெச்சிகிறாரான்னு பாத்துட்டு வாடாம்பாங்க. பாத்தேம்மா, தொறந்துதான் கீதுன்னு சொல்லுவேன். சாவற வரைக்கும் சொன்னேன். ஒரு நாளும் போயிப் பாத்ததில்ல.”

“தங்கச்சியையாவது போயிப் பாத்திருக்கலாமேணா.”

“நைனா இருக்கசொல்ல தைரியமில்ல. அப்பால ஊட்ட விக்கசொல்ல வாரிசுல அது பேர வுட்டுட்டோம். அதுக்கப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?” என்றவர், பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தின் பேரைச் சொன்னார். செத்துப்போனாள் என்று சாதித்தவருக்கு வீடு எந்த வரிசையில் என்பது வரைக்கும் தெரிந்திருந்தது.

திரும்பி வருகிற ரயிலில் ஹேமாவதி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். உயிரோடு இருக்கிற ஒரு மனுஷிக்கு வாரம் தவறாமல் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறோமே, தெரிந்தால் செருப்பைக் கழற்றமாட்டாளா? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆறு வருஷமாக நான் அழுததையெல்லாம் யார்தான் கேட்டது என்று ஒரு கோபம். அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்றும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மணலில் விரித்த வலைமேல் நெத்திலி காய்ந்துகொண்டிருக்க, ஒரு அம்மாள் கோலை வீசிக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். “இன்னாடி, உங்கப்பன் ஊட்டுச் சொத்தா?” என்று காக்கையைத்தான் கேட்டாள். வெயிலில் கறுத்த முகம், பாதி நரைத்த தலை, கழுத்தில் மஞ்சள் கயிறு. ஹேமாவதி மனசுக்குள் வைத்திருந்த பூவாடைக்காரிக்குப் பதினாறு வயசு, பட்டுப்பாவாடை, சிவந்த நிறம். கும்பிடப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள்.

“அக்கா, நான் ஆரணில இருந்து வரேன். மெத்த ஊட்ல குடிகீறோம்.”

கோல் நின்றது. காக்கை ஒன்று தைரியமாக இறங்கி ஒரு நெத்திலியைக் கொத்திக்கொண்டு போனது. புவனேஸ்வரி அதைப் பார்க்கவில்லை. வந்தவளைப் படகு நிழலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். வந்த காரியம் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“செத்தவ எப்பிடிம்மா கையெழுத்துப் போடுவா? எனக்குக் கருமாதி பண்ணது அப்பவே எனக்குத் தெரியும். வட, பாயசமெல்லாம் போட்டாங்களாமே. எங்கண்ணன் முனுசாமிகூடச் சாப்ட்டானாம்.”

“உங்களுக்குச் சேர வேண்டியத எதாவது கேட்டீங்கன்னா...”

“டப்பு யாரும்மா கேட்டா?” சிரிப்பு போய்விட்டது. “எம்புருசன் தங்கமான மனுசன். கடல் போட்டதத் தின்னோம், புள்ளைங்களக் கட்டிக் குடுத்துட்டோம், ஒரு கொற கெடயாது. நைனா துரத்தினாரு, அது ஆம்பள ரோசம். இந்த வாசப்படிய அவ மிதிச்சா வெட்டிப் போடுவேன்னு சொல்லி வுட்டாரு. சரி. எங்கம்மா? ரெண்டு பஸ்ஸு மாறினா இந்தக் குப்பம். ஒரு தடவ, திருட்டுத்தனமாவாவது வந்து எம்மூஞ்சிய பாக்கல. செத்தப்பறம்கூட எனக்கு யாரும் சொல்லல. பெத்தவளே தல முழுகினப்பறம் அந்த ஊடு நின்னா இன்னா, இடிஞ்சா இன்னா?”

ஹேமாவதியின் நாக்கு நுனியில் கதவு இருந்தது. சொல்லிவிட்டால் இந்த அம்மாள் அழுவாள், அழுதுவிட்டுக் கையெழுத்தும் போடுவாள். அந்த இரண்டாவது நினைப்புதான் அவள் வாயை அடைத்தது. ஒரு தாயின் நாற்பது வருஷத்தை எடுத்துக் கையெழுத்துக்கு ஈடாக நீட்டுவதா? வக்கீல் ஆபீசில் அடங்காத வாய் அன்றைக்கு அடங்கிக் கிடந்தது.

“கையெழுத்து வேணாங்க்கா. ஆடி கடைசி வெள்ளி ஊட்ல படையல் போடறோம். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க.”

“யாருக்குப் படையல்?”

“வாங்க, சொல்றேன்.”

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாட்டைக் கையில் திணித்தாள். “படையல்னா கருவாட்டுக் கொழம்பு இல்லாமலா? வெச்சிக்கோ” என்றாள்.

ஆடி கடைசி வெள்ளிக்கு ஹேமாவதி அரை நாள் லீவு போட்டாள். சோறு, முருங்கைக்கீரை, கொழுக்கட்டை, அந்த நெத்திலியைப் போட்டே கருவாட்டுக் குழம்பு. மணிகண்டன் தினசரிக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாடக்குழியை மறைத்து மாட்டினான். “வந்து இத்த பாத்தாங்கன்னா காரித் துப்பிட்டுப் போயிடுவாங்க. அப்பறம் பத்திரம் கோவிந்தா. கையெழுத்து ஆவற வரைக்குமாவது இருக்கட்டும்” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை ஆவணி பிறக்கிறது. கான்ட்ராக்டர் ஆள் முந்தின நாளே வந்து டேப்பை வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தான். ஹேமாவதி காலண்டரைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தாள். “துப்பினா துப்பட்டும். அவங்க ஊட்டு மாடம், அவங்க பாக்கட்டும்.”

ஐந்து மணி பஸ் வந்து போனது. ஐந்தரை பஸ்ஸும் போனது. மணிகண்டனும் ஸ்நேகாவும் முன்பக்கம் கிரிலைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் யார் தலை தெரிந்தாலும் ஸ்நேகா “அவங்களாம்மா?” என்று கத்தினாள். பொழுது சாய்ந்தது. இனிமேல் காத்திருக்க முடியாது என்று ஹேமாவதி இலையைப் போட்டுப் பரிமாறி விளக்கை ஏற்றினாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை, வழக்கம்போல, நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பாவாடை கட்டிய அந்தச் சிவந்த பெண் வரவே மாட்டேன் என்கிறாள், காக்கை ஓட்டுகிற அம்மாள்தான் வருகிறாள். ஊடு போச்சு தாயே, என்றாள் பொதுவாக.

பின்னால் வேப்பமரக் கதவு கிறீச்சிட்டது.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புவனேஸ்வரி கொல்லைப்பக்கம் நின்றிருந்தாள். துவைக்கிற கல்லில் கால் கழுவியிருந்தாள் போலிருக்கிறது, பாதம் ஈரமாக இருந்தது.

“நாலு மணிக்கே வந்துட்டேம்மா. ஆத்தங்கரைல குந்தினு இருந்தேன். முன்னாடிதான் வரலாம்னு பாத்தேன், அந்த வாசப்படிகிட்ட கால் வரல. கொல்லப்பக்கத்துச் சந்து அப்பிடியேதான் கீது. சும்மா தள்ளிப் பாத்தேன், தொறந்துகிச்சி.” திரும்பிக் கதவைப் பார்த்தாள். “வெளக்கு வெக்கிற நேரத்துல இப்பிடியா கதவத் தொறந்து போட்டுக்கினு இருப்பே? திருட்டு பயம் இல்லியா உங்க ஊர்ல?”

“இன்னிக்கு வெள்ளிக்கெழமக்கா. வெள்ளிக்கெழம இதுக்குத் தாப்பா போடறதில்ல.”

“ஏன்?”

ஹேமாவதி சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். விளக்கு, மாடம், வாத்தியாரின் மெழுகுவர்த்தி, திருடன், நாய், நர்ஸம்மா, டைல்ஸ். மீஞ்சூரில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவி வெள்ளிக்கிழமை தோறும் கேட்ட கேள்வி. “அவ வருவா, தாப்பா போடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் உங்கம்மா சாவிய குடுத்தாங்களாம். நாங்க எல்லாரும் சாமின்னு நெனச்சிக்கினோங்க்கா.”

புவனேஸ்வரி மாடக்குழிக்குப் பக்கத்தில் வந்தாள். விளக்கைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள், பாவாடையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். “இன்னா இவ்ளோ சின்னதா கீது? எனக்குப் பத்தொம்போது வயசும்மா அப்போ” என்று சிரிக்கப் பார்த்தாள். பாதிச் சிரிப்பில் உடைந்துபோய், பாவாடையை மூஞ்சியில் பொத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். முன்பக்கத்திலிருந்து பைலும் கையுமாக மணிகண்டன் எட்டிப் பார்த்தான். போ என்று ஹேமாவதி கண்ணாலேயே விரட்டினாள்.

“எல்லா வெள்ளிக்கெழமயுமா?” என்றாள் புவனேஸ்வரி.

“எல்லா வெள்ளிக்கெழமயும்.”

“சைக்கிள் திருடு போனப்பறமுமா?”

“அதுக்கப்பறமுந்தாங்க்கா.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கொல்லைப்பக்கம் போனாள். போய்விடப் போகிறாள் என்று ஹேமாவதி நினைத்தாள். புவனேஸ்வரி கதவை இழுத்துச் சாத்தினாள். மேலே இருந்த தாழ்ப்பாளை எட்டிப் பிடித்துத் தள்ளினாள். அது உள்ளே போய் விழுந்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“யாருக்கு இந்த எல?”

“உங்களுக்குத்தாங்க்கா.”

“உம்புருசன அந்தப் பேப்பரெல்லாம் அப்பிடி வைக்கச் சொல்லு. மொதல்ல பசி” என்று இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். “கருவாட்ட இன்னும் ரெண்டு தண்ணி அலசியிருக்கணும் நீ, உப்பு கரிக்குது” என்றாள். அதற்காக நிறுத்தவில்லை. விளக்கு வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்து இலையை முழுசாகத் தின்று முடித்தாள். முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று இடது கையால் இலையைத் தட்டிக் காட்டினாள்.